லோலாக்கின் தலையீத்து

கிடாவை அப்புறமாப் பாக்கலாம் தம்பி. வெயில்ல வந்திருக்கீக, முதல்ல இந்த மோரைக் குடிங்க. கிடா எங்கயும் போயிறாது, அந்தா வேலிக்குள்ளதான் நிக்கிது.

உங்க ஆட்டோட சேக்கிறதுக்குப் பெரிய கிடாவா வேணும், அதான? வாரவுக எல்லாரும் அதைத்தான் கேக்காக. இருக்கிறதுலயே பெருசு எது, ஒசரம் எது. உங்ககிட்ட இருக்கிற ஆடு என்ன இனம்னு நான் திருப்பிக் கேட்டா, சும்மா நாட்டு ஆடுதான் அக்காங்கிறாக. சும்மா நாட்டு ஆடுன்னு ஒரு ஆடு கிடையாது தம்பி. உங்க பெட்டை ஆடு எம்புட்டு ஒசரம், இடுப்பு அகலமா ஒடுக்கமா, எத்தனை ஈத்து ஈண்டது, காட்டுல மேயுதா கட்டித் தீனி போடுறீகளா, இதெல்லாம் சொன்னாத்தான் நான் கிடாவைக் கையில குடுப்பேன். போன வாரம் ஒருத்தர் கோவிச்சுக்கிட்டே போயிட்டாரு. கிடா கேட்டா பொண்ணு பாக்க வந்த மாதிரி விசாரிக்கிறீகளேன்னாரு. போகட்டும்.

ஏன் இப்படிக் கேக்குறேன்னு சொல்றேன். நீங்களும் ஆடு வளக்கப் போறீக, தெரிஞ்சுக்கிடுறது நல்லது.

எங்க வீட்டுக்காரர் பேரு செம்புலிங்கம். எங்ககிட்ட இருந்ததெல்லாம் அவுக அய்யா காலத்துல இருந்து வந்த ஆடுக. செம்மறிதான், மேலெல்லாம் செவப்பு, வயிறு மட்டும் கருப்பு. மாட்டாஸ்பத்திரியில கீழக்கரிசல்னு எழுதுவாக. நாங்க கருவின்னு சொல்லுவோம். சின்ன ஆடு. நல்ல ஆடுதான், நான் குறை சொல்லல. மழை தப்புன வருசத்துலகூட காஞ்ச கருவேலங்காயைப் பொறுக்கித் தின்னுட்டு நிக்கும். நோய் நொடி கம்மி. ஆனா குட்டி சிறுசு. மூணு மாசக் குட்டியை ஒத்தைக் கையில தூக்கிறலாம்.

அவுகளுக்கு அது போதும். அவுகளுக்கு எல்லாமே போதும். கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து பாக்கேன், இது வேணும்னு வாய் திறந்து ஒண்ணு கேட்டதில்ல. கொழம்புல உப்பு இல்லாட்டியும் சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவாக. பெறகு நான் சாப்பிட உக்காரும்போதுதான் தெரியும். அப்படி ஒரு மனுசர். நான் அப்படியில்ல. எனக்குப் பேசணும். ஒரு காரியத்தைச் செஞ்சா நாலு பேரு பாக்குற மாதிரி செய்யணும். எங்க மக கோமு திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறா. அவ சொல்லுவா, அப்பா பேச வேண்டியதையும் சேத்து நீயே பேசிருதம்மான்னு. பேசாம எப்படித் தம்பி ஆடு வளக்கிறது? யாவாரிகிட்ட யாரு பேசுவா? அவுக விட்டா குட்டியையும் குடுத்து அவனுக்கு டீயும் வாங்கிக் குடுப்பாக.

ஒரு சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்குக் குட்டிகளைக் கொண்டு போயிருந்தோம். ஒரு யாவாரி வந்தான். குட்டியைத் தூக்கிப் பாத்தான். ஆவுடையக்கா, இது ஆட்டுக்குட்டியா, வீட்டுல வளக்குற பூனையான்னு கேட்டான். சுத்தி நின்னவுக எல்லாம் சிரிச்சாக. அது பரவாயில்ல, விலையைக் குறைக்க அவன் எதையாவது சொல்லத்தான் செய்வான். நான் திரும்பிப் பாக்கேன், எங்க வீட்டுக்காரரும் சிரிக்காக. நம்ம குட்டியைச் சொல்றான், நம்ம ஆளு சிரிக்காக. பஸ்ஸுல வரும்போது ஏன் சிரிச்சீகன்னு கேட்டேன். அது பூனை மாதிரித்தான் இருக்கு ஆவுடை, அவன் சரியாத்தான சொன்னான்னாக. சொல்லிட்டு மறுபடியும் சிரிச்சாக.

நான் அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இனிமே எங்க குட்டியைப் பாத்து ஒருத்தன் சிரிக்கக் கூடாது.

மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அங்க ஒரு டாக்டரம்மா இருந்தாக, சின்ன வயசு, நாம கேட்டா உக்கார வச்சு விவரம் சொல்லுவாக. குட்டி பெருசா வரணும், என்ன கிடா போடலாம்னு கேட்டேன். அவுக சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்றேன், ஏன்னா அதுல ஒண்ணுகூடத் தப்பில்ல. வேம்பூர்க் கிடா எடுத்தா அது நம்ம பக்கத்து ஆடு, வெள்ளையில செவப்புப் பொட்டு, இந்த வெயிலும் இந்தக் காடும் அதுக்குப் பழக்கம். கருவியைவிட ஒரு படி பெருசு, அம்புட்டுத்தான். மேச்சேரிக் கிடா எடுத்தா ஒசரம் ரொம்ப வராது, ஆனா சதைப்பிடிப்பு நல்லா வரும், தோலுக்கும் மதிப்பு. நெல்லூர்க் கிடா இருக்கிறதுலயே ஒசரம், ஆனா தீனி நிறையக் கேக்கும், உங்க ஆட்டுக்கு ரெண்டு மூணு படி மேல. எடுத்தே ஆகணும்னா நாலஞ்சு ஈத்து ஈண்ட பெரிய ஆட்டுல மட்டும் விடுங்க, மொத ஈத்துக்கு நிக்கிற தலையீத்துப் பெட்டைகளுக்கு விட்டுறாதீங்கம்மான்னாக.

எனக்கு நெல்லூருங்கிற பேருதான் காதுல நின்னுச்சு. பெருசு இருக்கும்போது எதுக்குத் தம்பி நடுத்தரத்தை எடுக்கணும்?

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவுக ஒரு ஆட்டைப் படுக்கப் போட்டுக் குளம்பு வெட்டிக்கிட்டு இருந்தாக. குளம்பு நாலையும் வெட்டி முடிச்சு ஆட்டை எழுப்பி விட்டுட்டு, வேம்பூர்க் கிடா போதாதான்னாக. பாத்தீகளா, அந்த வார்த்தைதான். போதாதா.

பக்கத்து ஊருகள்ல ஆடு வச்சிருக்கிறவுக சேந்து ஒரு லாரி பிடிச்சு நெல்லூர்ப் பக்கம் போனாக. நானும் ஏறிட்டேன். பொம்பளை நான் ஒருத்திதான். அங்க பாஷையும் தெரியாது, கையைக் காட்டித்தான் யாவாரம். நாலு பல்லுக் கிடா ஒண்ணைப் பிடிச்சேன், ரெண்டு வயசு இருக்கும். கால் நேரா இருந்துச்சு, நெஞ்சு அகலம், விதை ரெண்டும் ஒரே சீரா இருந்துச்சு, நின்னா என் இடுப்புக்கு மேல. மூஞ்சியில மட்டும் கருப்பு, மத்தபடி பால் வெள்ளை. லாரியில வரும்போது அது கழுத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். ஊருல இறக்கும்போது அம்புட்டுச் சனமும் கூடிருச்சு. அவுகளும் வந்தாக. கிடாவைச் சுத்தி ஒரு தடவை நடந்தாக. பெறகு திரும்பி நம்ம ஆடுகளைப் பாத்தாக. நம்ம ஆட்டுக்கு இடுப்பு சிறுசு ஆவுடைன்னாக. அம்புட்டுத்தான். நல்லா இருக்குன்னும் சொல்லல, நல்லா இல்லன்னும் சொல்லல. பழைய கிடாவை நான் ஏற்கனவே வித்துட்டேன், அதனால அதுக்கு மேல பேச்சு இல்ல.

இப்ப லோலாக்கைப் பத்திச் சொல்லணும்.

அது ஒரு பெட்டைக்குட்டி. பெறந்து ஒரு வாரத்துல தாயைப் பாம்பு கடிச்சிருச்சு. அவுகதான் பாட்டில்ல பால் குடுத்து வளத்தாக. கருவி ஆட்டுக்குக் கழுத்துல ரெண்டு சதை தொங்கும், பாத்திருப்பீக. இதுக்கு அது கொஞ்சம் நீளம், நடந்தா ஆடும். அதான் லோலாக்குன்னு பேரு வச்சாக. அது அவுக பின்னாலயே திரியும். டீக்கடைக்குப் போனா அதுவும் போகும். அவுகளுக்கு ஒரு டீ, அதுக்கு ஒரு பன்னு. கடைக்காரரு கேக்க மாட்டாரு, பாத்ததுமே ரெண்டையும் எடுத்து வச்சிருவாரு. கோவில் கொடைக்கு நாங்க போட்டோ பிடிச்சப்போகூட அது நடுவுல வந்து நின்னுச்சு.

கிடா வந்த ஆடி மாசம் லோலாக்கு பருவத்துக்கு வந்திருந்துச்சு. அவுக அதை மட்டும் தனியா வீட்டுக்குப் பின்னால கட்டிப் போட்டாக. நான் ஏன்னு கேட்டேன். அவளை மட்டும் விட்டுரு ஆவுடை, சின்னப்புள்ளை, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்னாக. என் கையைப் பிடிச்சுச் சொன்னாக. இத்தனை வருசத்துல வாய் திறந்து கேட்டது அது ஒண்ணுதான், அதுவும் ஒரு ஆட்டுக்காக. நானும் சரின்னுதான் சொன்னேன்.

ஆனா நீங்களே சொல்லுங்க. பருவத்துக்கு வந்த ஆடு கட்டுத்தறியில நின்னு கத்திக்கிட்டே கெடந்தா எப்படிப் பாத்துக்கிட்டு இருக்கிறது? அம்புட்டு தூரம் போய் ஒரு கிடா கொண்டு வந்திருக்கேன். மத்த தலையீத்துப் பெட்டை எல்லாம் சேந்தாச்சு, இது ஒண்ணு மட்டும் எதுக்கு வீணாப் போகணும்? சங்கரன்கோவில்ல அவுக சித்தப்பா தவறிட்டாருன்னு அவுக கிளம்பிப் போனாக. நான் அவுத்து விட்டேன். வந்து பாத்தாக, கயிறு சும்மா கெடந்துச்சு. அவுத்துவிட்டியான்னாக. ஆமான்னேன். நான் எதையும் மறைக்கிறவ இல்ல தம்பி. ஒரு வார்த்தை திட்டல. கயித்தைச் சுருட்டி ஆணியில மாட்டுனாக. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. சண்டை வரும்னு நினைச்சேன், வரல.

பெறகு அது சினைன்னு தெரிஞ்சதும் அவுக ஒரு கூத்து பண்ணாக. மத்த ஆட்டுக்கெல்லாம் தீனி போடுவாக, லோலாக்குக்கு மட்டும் கொறச்சுப் போடுவாக. தினம் கண்மாய்க்கரை வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போயி நடத்திக் கூட்டிட்டு வருவாக. வயித்துக் குட்டிக்காரியைப் பட்டினி போடலாமா? எனக்கு மனசு கேக்கல. நானும் ஒண்ணைப் பெத்தவதான. அவுக அந்தப் பக்கம் போன நேரமாப் பாத்து கடலைப்புண்ணாக்கை ஊறவச்சு, பருத்திக்கொட்டையை ஆட்டி, லோலாக்குக்கு வச்சேன். நல்லாத் தின்னுச்சு. என் கையை நக்கும். அதுக்கு முன்னால அது எங்கிட்ட வந்ததே இல்ல, அவுக ஒருத்தர்தான் அதுக்கு. அந்த ரெண்டு மாசந்தான் எங்கிட்டயும் ஒட்டிக்கிட்டுச்சு.

மார்கழியில ஈத்து தொடங்குச்சு. வயசு ஆடுக எல்லாம் நல்லபடியா ஈண்டுருச்சு. குட்டிகளைப் பாக்கணுமே நீங்க. நெட்ட நெட்டையாக் கால், எந்திரிச்சு நின்னா தாயோட வயித்துல முட்டும். சந்தையில பூனைன்னு சொன்னவனே வீடு தேடி வந்து, இப்பமே பேசி வச்சுக்கிடுவோமான்னு கேட்டான். நான் பெறகு பாக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டேன். அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோசத்துக்கு அளவில்ல.

அப்புறம் தலையீத்துப் பெட்டைகளுக்கு முறை வந்துச்சு. மொத ஆட்டுக்குக் குட்டி தலை வந்து நின்னுக்கிச்சு. அவுக கையை விட்டு எடுத்தாக, குட்டி பிழைச்சுச்சு, தாய் போயிருச்சு. அடுத்ததுக்கு ரெண்டும் போயிருச்சு. டாக்டரம்மா ஒண்ணு ரெண்டைக் காப்பாத்திக் குடுத்தாக. எங்க வீட்டுக்காரர் சட்டையெல்லாம் ரத்தம், கழுவ நேரமில்லாம அப்படியே திரிஞ்சாக. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு இனத்தை மாத்தும்போது மொத வருசம் கொஞ்சம் சேதாரம் இருக்கத்தான செய்யும்?

லோலாக்கு கடைசி. கண்மாய்க்கரையில மேய்ச்சல்ல நிக்கும்போதே வலி எடுத்திருச்சு. காலை நேரம், பத்து பதினோரு மணி இருக்கும். சைக்கிள்ல வந்த ஒருத்தர்கிட்ட அவுக சொல்லி விட்டாக, நான் டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிட்டு ஓடுனேன். டாக்டரம்மா வேற ஊருல ஒரு மாட்டுக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு இருந்தாக, வரத் தாமசம் ஆகும்னாக.

நான் போகும்போது லோலாக்கு கரைச் சரிவுல படுத்திருந்துச்சு. அவுக அதுக்குப் பின்னால மண்ணுல ஒருக்களிச்சுப் படுத்து, ஒரு கை உள்ள, ஒரு கை அது வயித்து மேல, முகத்தை அது முதுகுல வச்சுக்கிட்டு பேசிக்கிட்டு இருந்தாக. விடாமப் பேசுனாக தம்பி. இன்னுங் கொஞ்சம் தாயி, அம்புட்டுத்தான், இந்தா வந்துட்டான், நீ நல்ல பிள்ளைல்ல, முடிச்சுட்டு டீக்கடைக்குப் போவோம்னு. அந்த மனுசர் அம்புட்டுப் பேசி நான் கேட்டதே இல்ல. எங்க மக பெறந்தப்போ ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாக, உள்ள வந்து என்னைப் பாத்தாக, ஒரு வார்த்தை பேசல. எனக்கு அந்த இடத்துலயும் அது ஞாபகம் வந்துச்சு, என்ன பண்ண.

டாக்டரம்மா வரும்போது உச்சி சாஞ்சிருச்சு. ரொம்பப் பாடுபட்டுத்தான் எடுத்தாக. கிடாக்குட்டி. செத்துப் பெறந்துச்சு. லோலாக்குக்கு உள்ள கிழிஞ்சு போயிருந்துச்சு, ரத்தம் நிக்கல. ஊசி போட்டாக, ஒண்ணும் நடக்கல. எங்க வீட்டுக்காரர் மடியில தலையை வச்சபடியே போயிருச்சு.

டாக்டரம்மா குட்டியைக் கையில தூக்கிப் பாத்தாக. இந்தச் சின்ன ஆட்டுக்கு இம்புட்டுப் பெரிய குட்டி எப்படி, கடைசி மாசத்துல தீனி அதிகமாக் குடுத்தீங்களான்னு கேட்டாக. அவுக, இல்லம்மா, கொறச்சுத்தான் போட்டேன், நடத்திக்கிட்டேதான் இருந்தேன்னாக. நான் சொன்னேன், நான் குடுத்தேன் டாக்டர், புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் என் கையால குடுத்தேன், எங்க வீட்டுல சினை ஆடு பட்டினியாக் கெடந்துச்சுன்னு யாரும் சொல்லிறக் கூடாதுன்னு.

அவுக தலையைத் தூக்கி என்னைப் பாத்தாக. அதுல கோவம் இல்ல தம்பி. கோவமா இருந்தா எனக்குத் தெரியும். வழி கேக்க வந்த யாரோ ஒரு ஆளைப் பாக்குற மாதிரி பாத்தாக.

ரெண்டு பேரு வந்து கறிக்குக் கேட்டாக. அவுக குடுக்கல. கரையிலயே ஒரு குழி வெட்டி, தாயையும் குட்டியையும் ஒண்ணாப் போட்டு மூடிட்டு வந்தாக. மறுநாள் நான் ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லணும்னு, அடுத்த வருசம் நீங்க சொன்ன வேம்பூர்க் கிடாவையே எடுத்துருவோம்னேன். தலையை ஆட்டுனாக. சரின்னு எடுத்துக்கிட்டேன்.

மாசி மாசம் கிடை போடுறவுக எங்க ஊரு வழியா ராமநாதபுரம் பக்கம் போனாக, அறுத்த வயல்ல ஆடு அடைக்கிறதுக்கு. எங்க வீட்டுக்காரர் மிச்சமிருந்த பழைய கருவி ஆடுகளை மட்டும் பிரிச்சு ஓட்டிக்கிட்டு, ஒரு போர்வையைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நின்னாக. நான் அடுப்புல இருந்தேன். ஆவுடை, போறேன்னாக. நான் சரின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சுது. பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் போயிட்டு வாரேன்னுதான சொல்லுவாக? போறேன்னு மட்டும் சொல்லியிருக்காக. கரண்டியோட வெளிய ஓடி வந்து பாத்தேன். தெரு முக்குல புழுதிதான் கெடந்துச்சு.

அது ஆச்சு மூணு வருசம்.

நான் சும்மா இருக்கல. சும்மா இருக்க எனக்குத் தெரியாது. அந்த ஈத்துல பெறந்த பெட்டைக்குட்டிக வளந்து வந்துச்சு, ஒவ்வொண்ணும் தாயைவிட ஒரு சாண் ஒசரம், இடுப்பு அகலம். அதுகளுக்கு வேம்பூர்க் கிடாவைச் சேத்தேன். ஒரு ஆட்டுக்குக்கூட கை விட்டு எடுக்க வேண்டி வரல. புல்லுல ஈண்டு போட்டுட்டு அது பாட்டுக்கு நக்கிக்கிட்டு நிக்கும். நீங்க பாக்க வந்திருக்கிற கிடா அப்படி வந்ததுதான். டாக்டரம்மாவே மத்தவுகளைக் கூட்டிட்டு வந்து காட்டுறாக. நான் ஜெயிச்சுட்டேன்னுதான் சொல்லணும். என்ன, ஆரம்பத்துலயே நெல்லூரை விட்டுட்டு வேம்பூரை எடுத்திருக்கணும். இனத்தைத் தப்பா எடுத்துட்டேன். அது ஒண்ணைச் சரியா எடுத்திருந்தா அவுக போயிருக்க மாட்டாக.

கோமு அப்படிச் சொல்ல மாட்டா. அப்பாகிட்டப் போய் மன்னிப்புக் கேளும்மாங்கிறா. எதுக்குன்னு கேட்டா போனை வச்சிருறா. ஆடு வளக்கிறவ ஆடு செத்ததுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டா வருசம் பூராக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கணும்.

போன வருசம் ஒரு தடவை போனேன். அபிராமத்துப் பக்கம் ரோட்டை ஒட்டி வயல்ல கிடை போட்டிருக்காகன்னு ஒருத்தர் சொன்னாரு. பஸ் ஏறிப் போனேன். தூரத்துலயே தெரிஞ்சுருச்சு, அந்தச் சின்னச் சின்ன ஆடுக, நடுவுல அவுக. தாடி வச்சிருந்தாக. இளைச்சுப் போயிருந்தாக. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, வா ஆவுடை, சாப்பிட்டியான்னாக. மூணு கல்லு வச்சு வரக்காப்பி போட்டுக் குடுத்தாக. நான் எல்லாத்தையும் சொன்னேன். குட்டி எம்புட்டு எடை வருது, ரெட்டைக்குட்டி எத்தனை போட்டுச்சு, யாரு யாரு வந்து பாத்துட்டுப் போனாகன்னு. எல்லாத்தையும் கேட்டாக. நல்லது ஆவுடை, நல்லா இருக்கட்டும்னாக. பஸ்ஸுக்கு நேரமாச்சு. வீட்டுக்கு வாங்கன்னேன். காப்பி டம்ளரைக் கழுவ ஆரம்பிச்சாக. எம்மேல கோவமான்னேன். இல்லன்னாக. பின்ன என்னன்னேன்.

ஆட்டுப் பக்கம் திரும்பிக்கிட்டாக. பெறகு சொன்னாக: "உன் சத்தத்தைக் கேட்டா, அவ அன்னிக்கு முக்குனது கேக்குது ஆவுடை. நான் என்ன செய்ய."

நான் சத்தமாப் பேசுறவதான் தம்பி, சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். காடு மேட்டுல ஆட்டைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அப்படி ஆகிப்போச்சு. இப்ப மெதுவாப் பேசிப் பழகுறேன். நீங்க வந்ததுல இருந்து பாத்தீகள்ல, மெதுவாத்தான பேசுறேன்? தனியா இருக்கும்போதும் பேசிப் பாத்துக்கிடுவேன். வீட்டுல வேற சத்தம் ஏது.

சரி, உங்க ஆட்டைப் பத்திச் சொல்லுங்க. ம். ம். அப்படின்னா உங்களுக்கு இருக்கிறதுலயே பெரிய கிடா வேணாம். வேலி ஓரமா நிக்கிது பாருங்க, நடுத்தரமா ஒண்ணு, அதை எடுத்துக்கிடுங்க. மொத வருசம் வயசு ஆட்டுக்கு மட்டும் விடுங்க. தலையீத்துப் பெட்டைகளைத் தனியாக் கட்டுங்க, வீட்டுல யாரையும் அவுக்க விடாதீக. கடைசி ரெண்டு மாசம் தீனியை அள்ளிப் போட்டுறாதீக, நடக்க விடுங்க. டாக்டரம்மா இப்ப எல்லாருக்கும் அதைத்தான் சொல்றாக, அதனால சொல்றேன்.

எந்த ஊருக்குக் கொண்டு போறீக? பரமக்குடியா? அப்ப கமுதி வழியாத்தான போவீக, அபிராமம் தாண்டி?

விலையை நீங்களே பாத்துக் குடுங்க தம்பி, நான் ஒண்ணும் பேச மாட்டேன். ஒரு ஒத்தாசை மட்டும் செய்யணும். இப்பமும் அவுக அந்தப் பக்கந்தான் இருக்காகளாம், ரோட்டுல போகும்போதே ஆடு தெரியும். அங்க வண்டியை நிறுத்துங்க. கிடாவுக்குத் தண்ணி காட்டணும்னு சொல்லி கீழ இறக்குங்க. என் பேரைச் சொல்லாதீக. எங்க வாங்குனதுன்னும் சொல்லாதீக. அவுக சும்மா இருக்க மாட்டாக, பக்கத்துல வருவாக. அவுகளே தடவிப் பாக்கட்டும், எம்புட்டு நேரம் ஆனாலும் அவசரப்படுத்தாதீக. கிடா எப்படியிருக்குன்னு மட்டும் கேளுங்க.

என்ன சொன்னாகன்னு எனக்கு ஒரு போன் பண்ணுங்க. இந்தாங்க, நம்பரைக் குறிச்சுக்கிடுங்க. ஒண்ணுமே சொல்லலன்னாலும் பண்ணுங்க தம்பி. தாடியை எடுத்துட்டாகளா, சாப்பிட்ட மாதிரி இருந்தாகளா, அதையாவது சொல்லுங்க. நான் சத்தம் போடாமக் கேட்டுக்கிடுறேன்.